செங்கோட்டை – புனலூர் மலைப்பாதை: மீட்டர் கேஜ் நினைவுகளோடு ஓர் அகலப்பாதைப் பயணம்

செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை மேற்குத் தொடர்ச்சி மலையைக் குறுக்கே கடக்கும் 49 கிலோமீட்டர் ரயில் பாதையில், கடந்த சாரல் பருவத்தில் இரண்டு நண்பர்களோடு போய்த் திரும்பினேன். இன்று இந்தப் பாதையில் ஒரு பயணி பெறும் சேவை எப்படி இருக்கிறது, எந்த வண்டியில் போவது, எந்தப் பக்கம் உட்காருவது, எங்கே இறங்குவது என்பவற்றை, போக நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த மதிப்புரையை எழுதுபவன் இதே பாதையில் மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் போகும் வண்டி ஓடிய காலத்தில், புனலூரில் வாழ்ந்த அத்தை வீட்டுக்கு ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் போய்வந்த பையன். ஆகவே என் கண் எதைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் இருந்த பழையதைத் தேடும். கூட வந்த இருவரும் அப்படிப்பட்டவர்களே. மூவரும் பழகியதே 2010 செப்டம்பரில், அந்த மீட்டர் கேஜ் பாதை மூடப்படுவதற்கு முந்தைய நாட்களில், கடைசியாக ஒருமுறை போய்வர வந்திருந்த கூட்டத்துக்கு நடுவில்தான்.

பாதையின் வரலாறு தெரிந்தால் பயணத்தின் சுவை கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய ரயில்வே நிறுவனம் அமைத்த பாதை இது. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் நுழைந்த முதல் ரயிலும் இதுவே. கொல்லத்திலிருந்து புனலூர் வழியாகச் செங்கோட்டை வரை 1904-இல் வண்டி ஓடத் தொடங்கியது. அன்று செங்கோட்டையும் திருவிதாங்கூரைச் சேர்ந்ததுதான். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோதுதான் தமிழ்நாட்டுக்கு வந்தது. அந்த ரயில் நிறுவனத்தின் பெயர் 1951-இல் தெற்கு ரயில்வே உருவானபோது வரலாற்றுக்குள் போய்விட்டது. அது போட்ட ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் மட்டும் இன்னும் ஏறத்தாழ 60 ஆண்டுகள் மலையில் உழைத்தது. 2004-இல் விருதுநகர் பக்கத்திலிருந்து அகலப்பாதை செங்கோட்டைக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பின் 6 ஆண்டுகள், கிழக்கே பெரிய வண்டி, மேற்கே சின்ன வண்டி என்று இரண்டு உலகங்களின் எல்லையாகச் செங்கோட்டை நின்றது. சென்னையிலிருந்து வந்தவர்கள் ஒரு வண்டியிலிருந்து இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு மற்றொன்றில் ஏறிக் கொல்லம் பக்கம் போனார்கள். 2010-இல் புனலூர் வரையிலான மலைப்பகுதி மூடப்பட்டு, 1,676 மில்லிமீட்டர் அகலத்துக்கு மாற்றப்பட்டு, 2018-இல் மீண்டும் திறக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் அந்த மலையில் ரயில் சத்தமே இல்லை.

இனிப் பயணம். மலையைப் பார்க்க வேண்டும் என்றால் பகல் வண்டியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பாலருவியின் பெயரைத் தாங்கிய விரைவு வண்டி இந்த மலையை இரவில் கடப்பதால், அந்த அருவி இருக்கும் காட்டை அதில் போகிறவர் பார்க்க முடியாது. மதுரையிலிருந்து குருவாயூர் போகும் வண்டி பிற்பகலில் மலையேறுகிறது; நாங்கள் அதில்தான் போனோம். குளிர்சாதனப் பெட்டியைத் தவிர்த்துவிடுங்கள் என்பதே என் முதல் அறிவுரை. மூடிய கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் மலை ஒரு படமாகத்தான் தெரியும். திறந்த சன்னலில் உட்கார்ந்தால்தான் பகவதிபுரம் தாண்டியதும் காற்றின் சூடு சட்டென்று மாறுவதையும், ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்த அந்த வாசனையையும் உணரலாம். சாலையும் ஆறும் எந்தப் பக்கம் வருகின்றனவோ அந்தப் பக்கச் சன்னலைப் பிடிக்க வேண்டும். இதை விளக்கமாக எழுதிக் கொடுத்தும், எங்களுக்கு முன்பதிவு செய்து தந்த முகவர் மலைச்சுவரைப் பார்க்கும் இருக்கைகளையே பிடித்துத் தந்தார். எதிர்ப்பக்கம் இருந்த ஒரு குடும்பம் மனமுவந்து இடம் மாற்றிக்கொண்டிராவிட்டால் பாதிப் பயணம் பாறையைப் பார்த்தே கழிந்திருக்கும். இருக்கையை நீங்களே பார்த்துப் பதிவு செய்வது நல்லது.

சேவையைப் பொறுத்தவரை, பழையதைவிட இன்றையது மேலானது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. பெட்டிகள் அகலமானவை, நடைவழியில் ஒருவரை ஒருவர் இடிக்காமல் போகலாம், குழந்தைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு போகலாம். மதுரையில் ஏறியவர் மலையைத் தாண்டிக் கேரளத்தின் உள்ளூர்கள் வரை வண்டி மாறாமல் போகிறார். மீட்டர் கேஜில் பலகை இருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, மழை வந்தால் மரச்சட்டக் கதவை இழுத்துச் சாத்தி, இருட்டில் மூச்சுமுட்டப் போன நாட்களை நான் மறக்கவில்லை. அத்தை கொடுத்தனுப்பும் சக்கைப் பழத்தை (பலாவை) வைக்க இடமில்லாமல் புனலூரிலிருந்து தென்காசி வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தச் சிரமங்கள் இன்று இல்லை. பழையது போய்விட்டதே என்று நான் வருந்துவதற்குக் காரணம் வசதி அல்ல என்பதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவும்.

பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் இடையில் வருவது பெரிய குகை. சுரங்கப்பாதை என்று எழுத்தில் சொன்னாலும் இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் அது குகைதான். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். தமிழ்நாட்டில் நுழையும் வண்டி கேரளத்தில் வெளியே வருகிறது. குகை வாயிலில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை பொறித்திருப்பதைச் சிறுவயதில் அப்பா காட்டித் தந்திருக்கிறார். அதே சங்கைச் செங்கோட்டை ஊருக்குள் சாலையை மறித்து நிற்கும் பழைய நுழைவு வளைவிலும் பார்க்கலாம். மீட்டர் கேஜ் காலத்தில் குகைக்குள் போகும்போது டீசல் புகை பெட்டிக்குள் வந்து தேங்கும். பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார்கள், பையன்கள் நாங்கள் கத்துவோம், எதிரொலி கேட்கும். இன்று பாதை மின்மயமாகிவிட்டதால் புகை இல்லை. ஆனால் பையன்கள் இன்றும் கத்துகிறார்கள். எங்கள் பெட்டியில் ஒரு சிறுமி தொடங்கி வைத்தாள். வெளிச்சம் வரும்வரை அடுத்த பெட்டியிலிருந்தும் பதில் வந்துகொண்டே இருந்தது.

குகையைத் தாண்டியதும் இறக்கம். செங்கோட்டை பக்கமிருந்து ஏற்றம் குறைவு, புனலூர் பக்கம் இறங்குவதுதான் நீளம். அதனால்தான் புனலூரிலிருந்து வரும் வண்டிகளுக்கு எப்போதும் மலைதான் பெரிய சோதனை. மீட்டர் கேஜில் முன்னால் ஒரு எஞ்சின் இழுக்க, பின்னால் இன்னொன்று தள்ளும். அதைப் பேங்கர் என்பார்கள். இறக்கத்தில் அதுவே பிடித்து நிறுத்தும் துணை. முன் எஞ்சினும் பின் எஞ்சினும் ஒன்றுக்கொன்று ஊதலில் பேசிக்கொள்ளும் ஒலி, தென்மலைக் காட்டில் பட்டுத் திரும்பிவரும். எத்தனை ஊதலுக்கு என்ன பொருள் என்று எங்களுக்குள் பந்தயமே நடக்கும். வளைவுகளில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லத் திரும்பும்போது, ஒரே சன்னல் வழியாக வண்டியின் தலையையும் வாலையும் சேர்த்துப் பார்க்கலாம். இந்த ஒரு காட்சி இன்றும் மாறவில்லை. பெட்டிகள் பெரியவை என்பதால் வளைவு இன்னும் இறுக்கமாகத் தெரிகிறது என்றுகூடச் சொல்வேன். மாறியது சத்தம். அன்று குறுந்தண்டவாளங்களைத் தகடு வைத்து முடுக்கி, வெயிலில் விரிய இடைவெளி விட்டிருப்பார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் தட்டித் தாளம் போடும். இன்று தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாக்கிவிட்டார்கள். தாளம் போய், சக்கரம் வளைவில் உராயும் நீண்ட கீச்சொலி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கழுதுருட்டி அருகே வருவது பதின்மூன்று கண் பாலம். இரண்டு குன்றுகளுக்கு நடுவே, கொல்லம் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி, கருங்கல்லால் கட்டிய 13 வளைவுகள். அகலப்பாதையின் பாரம் தாங்குவதற்காக அதை வலுப்படுத்தினார்களே தவிர இடித்துவிடவில்லை. பழைய வளைவுகளின் மேலேயே இன்றைய வண்டி போகிறது. இதற்காகவே அந்தப் பணியைச் செய்த பொறியாளர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஒரு பயணியாக நான் சொல்வது இது: பாலத்தின் மேல் போகும்போது பாலம் தெரியாது. சன்னலில் எட்டிப் பார்த்தாலும் கீழே சாலையில் நின்று கையசைப்பவர்கள்தான் தெரிவார்கள். பாலத்தைப் பார்க்க வேண்டும் என்றால், மறுநாள் தென்மலையிலிருந்து சாலை வழியாக வந்து, கீழே நின்று, வண்டி வரும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். நாங்கள் அப்படிச் செய்தோம். கீழிருந்து பார்க்கும்போது வண்டி பாலத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. மீட்டர் கேஜ் வண்டி அந்தப் பாலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போலிருந்தது என்ற நினைப்பு எனக்கு அப்போதுதான் வந்தது.

எங்களோடு வந்த மூத்தவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாகச் சேர்ந்து ரயில் ஓட்டுநராக ஓய்வுபெற்றவர். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். நிலையங்களில் அப்போதெல்லாம் சிக்னலுக்குக் கைகாட்டி மரங்கள்தான். ஒற்றைப் பாதையில் எதிரெதிராக இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது என்பதற்கு டோக்கன் முறை இருந்தது. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் மின்கம்பியால் பிணைக்கப்பட்ட இரட்டைக் கருவிகள் இருக்கும். ஒரு கருவியிலிருந்து ஒரு இரும்புக் குண்டை வெளியே எடுத்துவிட்டால், அது மறுபடி ஏதேனும் ஒரு கருவிக்குள் போகும்வரை வேறொரு குண்டை எடுக்கவே முடியாது. அந்தக் குண்டு கையில் இருக்கும் ஓட்டுநருக்கு மட்டுமே அந்தப் பாதையில் போகும் உரிமை. ஒரு பெரிய நெல்லிக்காயைவிடப் பருத்த அந்தக் குண்டில், எந்த இரு நிலையங்களுக்கு உரியது என்று பொறித்திருக்கும். அதைத் தோல்பையில் போட்டு, பையைப் பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி, நடைமேடையில் நிற்பவர் உயர்த்திப் பிடிப்பார். நிற்காமல் போகும் கொல்லம் மெயிலில், எஞ்சின் படியில் தொங்கும் உதவியாளர் வளைத்த கையை அந்த வளையத்துக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டு, அதே நொடியில் பழைய வளையத்தைக் கீழே எறிவார்.

அண்ணாச்சி இடக்கைச் சட்டையைச் சுருட்டிக் காட்டினார். முழங்கைக்கு மேலே உள்பக்கத்தில் விரல் அகலத்தில் ஒரு தழும்பு, மற்ற இடத்தைவிட வெளுத்து வழவழப்பாக இருந்தது. பிரம்பு அடித்து அடித்து ஆனது. மழைநாள் இரவில், நடைமேடைக்காரர் பிடித்திருக்கும் கைவிளக்கின் வெளிச்சத்தை மட்டும் நம்பிக் கையை நீட்ட வேண்டும் என்றார். “தவறிப்போனா வண்டிய நிறுத்தி, இறங்கி, நடந்துபோயி எடுத்துட்டு வரணும் தம்பி. குண்டு இல்லாம ஒரு அடி போகக் கூடாது” என்று அவர் சொன்னபோது, பக்கத்து இருக்கையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவர் அதை அணைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினார். தென்மலை நிலையத்துக்குள் வண்டி நுழைந்தபோது, பேச்சுக்கு நடுவே அண்ணாச்சியின் இடக்கை தானாகவே வளைந்து சன்னல் பக்கம் நகர்ந்ததை நான் பார்த்தேன். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் என் விருப்பம் ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். இந்த மலையை வண்டியில் கடக்கும் பயணிக்கு, இது மீட்டர் கேஜில் ஓடிய பாதை என்பதைச் சொல்லும் எதுவும் சன்னல் வழியே கண்ணில் படவில்லை. ஆரியங்காவிலோ தென்மலையிலோ நடைமேடையின் ஓரத்தில், ஒரு மீட்டர் அகலத்தில் இரண்டு துண்டுத் தண்டவாளமும், ஒரு கைகாட்டி மரமும், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு டோக்கன் குண்டும் வைத்தால் போதும். வண்டி நிற்கும் இரண்டு நிமிடத்தில் ஒரு குழந்தை அதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேள்வி கேட்கும். நீலகிரி மலை ரயிலுக்கு 2005-இல் கிடைத்த உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதியை இந்தப் பாதைக்கு நான் கேட்கவில்லை. அங்கே மீட்டர் கேஜ் இன்றும் உயிரோடு ஓடுகிறது. இங்கே அதற்கு ஒரு நினைவுக்கல்லாவது வேண்டும்.

மூன்றாமவர் மயிலாடுதுறைக்காரர். அவருடைய இழப்பு எங்களுடையதைவிடப் பெரியது. மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோவில், திருக்கடையூர், பொறையார் வழியாகத் தரங்கம்பாடிக் கடற்கரைக்கு 1926-இல் வந்த கிளைப்பாதை 1980-களில் நிறுத்தப்பட்டது. அதன்பின் அகலமாகவும் இல்லை, குறுகலாகவும் இல்லை, வண்டியே வரவில்லை. சிறுவயதில் அவர் தாத்தாவோடு பொறையாருக்குப் போன அந்த வண்டி, வயலுக்கு நடுவில் யாராவது கைகாட்டினால்கூட வேகம் குறைக்கும் அளவுக்கு ஊரோடு உறவாக இருந்ததாம். நான் தண்டவாளத்தின் தாளம் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, “உங்க ஊருக்கு வண்டி வருது சார். எங்களுக்கு அதுகூட இல்லை” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பின் நான் இந்தப் பயணத்தைக் குறைசொல்லும் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். ஒரு பாதை மறைவதிலும் படிகள் உண்டு. எங்கள் பாதையில் மறைந்தது அகலமும் கருவிகளும் பழக்கங்களும். அவருடையதில் பாதையே மறைந்தது. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயல் பாதையோடு ஊரையும் கொண்டுபோனது.

நடைமுறைக் குறிப்புகள் சில. ஆனி, ஆடியில் போவது சிறந்தது. குற்றாலத்தில் சாரல் இருக்கும் நாட்களில் மலையின் இந்தப் பக்கமும் பச்சையாக இருக்கும், ஓடைகள் பாதையோரம் வழிந்து ஓடும். ஆனால் சன்னலோரம் நனையாமல் போக முடியாது, மாற்றுச் சட்டை அவசியம். சிறு நிலையங்களில் சாப்பிட எதுவும் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். செங்கோட்டையிலேயே சாப்பாட்டையும் தண்ணீரையும் வாங்கிக்கொள்ளுங்கள். நிலையங்களில் குரங்குகள் உண்டு, பழத்தைச் சன்னல் பக்கம் வைக்கக் கூடாது. படியில் உட்கார்ந்து படம் எடுப்பதைத் தவிருங்கள். பாறைகள் பெட்டியை உரசுமளவுக்கு நெருங்கும் இடங்கள் இருக்கின்றன. நேரம் உள்ளவர்கள் ஒரேயடியாகப் போகாமல் தென்மலையில் இறங்கி ஒரு நாள் தங்கிவிட்டு, மறுநாள் புனலூர் போகலாம். தென்மலையில் நாங்கள் தங்கிய விடுதியில் முன்கூட்டியே சொல்லி வைத்த அறை கொடுக்கப்படாமல், இரவு 9 மணிக்கு வேறிடம் தேட வேண்டியிருந்தது. தங்குமிடத்தை அன்று காலை ஒருமுறை தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளுங்கள். புனலூரில் இறங்கினால் கல்லடையாற்றின் மேல் 1877-இல் கட்டி முடித்த தொங்கு பாலம் இருக்கிறது, நடந்து போகலாம். ரயில் வருவதற்கு முன்பு இந்த மலையைக் கடந்தவர்கள் எப்படிப் போனார்கள் என்பதை நினைத்துப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

அத்தை வீடு இருந்த தெருவில் இப்போது வேறு வீடுகள். நாங்கள் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. திரும்பும் வண்டியில் ஏற்றத்தில்தான் மலை தன் முழு எடையையும் காட்டியது. இடமண் தாண்டியதிலிருந்து குகை வரை வண்டி நிதானமாக, ஒரே சீராக ஏறியது. அன்று பேங்கரோடு திணறி ஏறிய இடங்களை அண்ணாச்சி ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார்: மழையில் சக்கரம் வழுக்கும் வளைவு, மணல் தூவ வேண்டிய இடம், யானை குறுக்கே நின்ற ஒரு விடியற்காலை. மின்சார எஞ்சின் அவற்றில் எதையும் பொருட்படுத்தாமல் தாண்டியது. “நல்ல வண்டி” என்றார், மனதார.

செங்கோட்டையில் இறங்கும்போது மயிலாடுதுறை நண்பர் அடுத்த திட்டத்தைச் சொன்னார். தை மாதம் அறுவடை முடிந்ததும், மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரை பழைய பாதை போன வழியைத் தேடி, மிஞ்சியிருக்கும் மேட்டின் மேல் நடப்பது. அண்ணாச்சிக்கு முழங்கால் வலி. ஆனாலும் பொறையார் வரையாவது வருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.